மதியமானால் ரவுட்டர் கொதித்து நெட் நின்றுபோகிறது. ஃபேன் வைத்தால் சரியாகுமா?

சூடுதான் காரணம் என்றால் கண்டிப்பாகச் சரியாகும். காரைக்குடியில் எங்கள் வீட்டு ரவுட்டர் கோடை முழுக்க ஃபேன் மேல்தான் ஓடுகிறது.

முதலில் ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் அதன் செட்டிங்ஸ் பக்கம்) 'அப்டைம்' பாருங்கள், அதாவது ரவுட்டர் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து ஓடிய நேரம். நெட் நின்றதும் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. கரண்ட் போகாமலே அப்படி ஆனால் சூடாக இருக்கலாம், இல்லை அடாப்டராக இருக்கலாம். அப்டைம் விடாமல் ஓடியிருந்தால் லைனையும் சந்தேகப்படுங்கள்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரையான அறைச் சூட்டுக்குத்தான் செய்யப்பட்டவை. நடுவில் வளவு, அதாவது திறந்த முற்றம், வைத்துக் கட்டிய நம் பழைய வீடுகளில் சித்திரை வெயிலிலும் உள்ளே அவ்வளவு ஏறாது. ஆனால் பார்க்க நன்றாக இல்லை என்று ரவுட்டரைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். தன் சூட்டிலேயே அது வெந்துபோகும். வெளியே எடுத்து, சாரல் படாத இடமாக வளவு ஓரத்தில் ஒரு உயரமான ஸ்டூலில் வையுங்கள். தடித்த சுவர்களுக்கு நடுவே சிக்னலுக்கும் அதுதான் நல்ல இடம். சுற்றியுள்ள அறைகளுக்கு வாசல் வழியாகப் போய்விடும். சுவரில் ஆணி மட்டும் வேண்டாம். அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் அதே வழவழப்பில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்புறம் ஃபேன். 120 மில்லிமீட்டர் அளவில், 5 வோல்ட் யூஎஸ்பி ஃபேனாகக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கான 12 வோல்ட் ஃபேனையும் யூஎஸ்பியில் மாட்டலாம், சத்தமே இல்லாமல் மெதுவாகச் சுற்றும். ஆனால் சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் கிளம்பவே கிளம்பாது. ரவுட்டரின் அடியில் காற்றுத் துளைகள் இருந்தால் ஃபேனைப் படுக்கவைத்து, காற்று மேலே போகும்படி திருப்பி, அதன்மேல் ரவுட்டரை வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஃபேன் ஸ்டூலோடு ஒட்டிக் கிடந்தால் இழுக்கக் காற்றே இருக்காது. நான்கு மூலையிலும் தண்ணீர் பாட்டில் மூடி வைத்துத் தூக்கிவிடுங்கள். உள்ளங்கையை ரவுட்டரின் மேல் துளைகளுக்கு நேரே பிடித்தால் காற்று வருவது தெரிய வேண்டும்.

ஃபேனுக்குப் பவர் பழைய போன் சார்ஜரிலிருந்து கொடுங்கள். ரவுட்டர் அடாப்டரிலிருந்து வயர் பிரிக்காதீர்கள். அது ரவுட்டருக்கே அளந்து கொடுத்தது. ஈரத்துணி, ஐஸ் பக்கமே போகாதீர்கள். செம்மண் தூசியை மட்டும் அவ்வப்போது பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் அடாப்டரை மாற்றுங்கள். வோல்ட்டும் ரவுட்டரில் செருகும் பின்னும் பழையதைப் போலவே இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது.