காது குடுத்த ஊருங்க

"வணக்கம் சார். ஆபீஸ் வேலையா பத்து நாள் மான்செஸ்டர் போயிருந்தேன். நம்ம கோயமுத்தூரை தென்னிந்திய மான்செஸ்டர்னு சின்ன வயசுல இருந்து கேட்டே வளர்ந்ததால ஒரு சனிக்கிழமை ரொம்ப ஆசையா ஆன்கோட்ஸ் பக்கம் சுத்தினேன். பழைய மில்லெல்லாம் அபார்ட்மென்ட் ஆயிடுச்சு, கீழ காபி கடை. செங்கல்லும் மழையும்தான் பார்த்தேன். இதுல என்ன பெருமை, எதுக்கு நமக்கு இந்தப் பேரு? எங்க தாத்தாவும் மில்லுல இருந்தவர்தான், அவர்கிட்ட கேக்கலாம்னா காது சுத்தமா கேக்காது. ஏப்ரல்ல மறுபடி போறேன், என்ன பார்க்கணும்னு சொல்லுங்க."

அன்புள்ள தம்பிக்கு,

பேரு விஷயத்தை மொதல்ல முடிச்சிடறேன், எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்துச்சு, 1930கள்ல நீலகிரி பைக்காரா தண்ணியில எடுத்த கரண்டு வந்ததும் மில்லுங்க மளமளன்னு முளைச்சுது, அந்தக் காலத்து மெஷினெல்லாம் பெரும்பாலும் மான்செஸ்டரைச் சுத்தி இருக்கற லங்காஷயர் சீமையில இருந்து கப்பல்ல வந்தது, பேரும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம நாட்டு மில் துணிக்கு 1896ல இருந்து 3.5 சதவீதம் எக்சைஸ் வரி போட வெச்சதே அந்த ஊரு முதலாளிங்க குடுத்த நெருக்கடிதான், 1925 வரைக்கும் அந்த வரி இருந்துச்சு. அவங்க ஊர்ப் பேரையே நாம பட்டமா தூக்கி நெத்தியில ஒட்டிக்கிட்டு திரியறோம். சரி விடுங்க.

மழைன்னு சலிச்சுக்கிட்டீங்களே, அந்த ஈரக் காத்துலதான் நூலு அறுந்து அறுந்து போகாம ஓடுச்சு. நம்ம ஊரு மில்லுல அதுக்குத்தானே தனியா ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் வெச்சு காத்தை ஈரமாக்கறாங்க. மழையைத் திட்டாதீங்க.

நான் பதில் எழுத உக்காந்ததே வேற ஒரு வரியால. "கேக்கலாம்னா காது சுத்தமா கேக்காது". ஏனுங்க தம்பி, அந்தக் காது எங்க போச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? கண்ணாடி டம்ளர் கை தவறி உடைஞ்ச மாதிரி எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க.

எங்கப்பா ரிங் ஃப்ரேம்ல, அதான் நூல் நூக்கற மெஷின்ல, சைடர்; மெஷினோட ஒவ்வொரு சைடா பார்த்துக்கற ஆளு. மில்லு பேரு வேண்டாம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டுன்னு முப்பத்தோரு வருஷம். வீட்டுல அப்பாவை யாரும் கூப்பிட்டதே கிடையாது, கூப்பிட்டா கேக்காது. சாப்பாடு ஆயிடுச்சுன்னா அம்மா லைட்டு ஸ்விட்சை ரெண்டு தடவ டக்கு டக்குன்னு போட்டு அணைப்பாங்க, அவரு திண்ணையில இருந்து எழுந்து வருவாரு. அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பேசினா எங்க வீட்டுல அது மரியாதைக் குறைவு, அடி விழும். சின்னதுல அது கண்டிப்புன்னு நினைச்சேன். வாயைப் பார்க்காம அவருக்கு ஒண்ணும் புரியாதுன்னு எனக்குப் புரியறப்ப நான் காலேஜ் முடிச்சிருந்தேன். நானும் உங்கள மாதிரி ஒரு மட்டிதான், அந்த உரிமையிலதான் திட்டறேன்.

காதுல வேஸ்ட் பஞ்சைத் திணிச்சுக்குவாராம். சுத்தி மூட்டை மூட்டையா பஞ்சு, காதுக்கு மட்டும் அந்தக் கழிவுப் பஞ்சு. அது சத்தத்தைத் தடுக்காது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணையை எடுத்துப் பாருங்க, இரைச்சலால வர்ற செவிட்டுத்தனமும் ஒரு தொழில் நோய்னு அதுல இருந்துச்சு. அட்டவணையில இருந்துச்சு. அப்பாகூட ரிட்டயர் ஆன செட்டுல பாதிப்பேருக்கு காது மந்தம், ஒருத்தர் அதுக்குன்னு பத்து பைசா வாங்கி நான் பார்க்கல, எல்லாரும் "வயசாயிடுச்சுல்ல"ன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

இப்ப மான்செஸ்டருக்கு வர்றேன். லங்காஷயர் தறி ஷெட்டுல சத்தம் நம்ம ஸ்பின்னிங்கை விட மோசம், ஒரே கூரைக்கு அடியில நூத்துக்கணக்கான தறி, குறுக்கு நூலை இழுத்துக்கிட்டுப் போற நாடா ரெண்டு பக்கமும் போய் மோதிக்கிட்டே இருக்கும், பக்கத்துல நிக்கறவங்க கத்தினாலும் கேக்காது. அங்க தறி ஓட்டினதுல பெரும்பகுதி பொம்பளைங்க. அவங்க சத்தமே இல்லாம, உதட்டை மட்டும் நல்லா இழுத்து விரிச்சு அசைச்சு, மூஞ்சி கை எல்லாத்தையும் சேர்த்து ஒரு பாஷையே பேசினாங்க, அதுக்குப் பேரு மீ-மா. நாலு தறி தள்ளி நிக்கறவங்ககிட்ட புருஷன் குடிச்சிட்டு வந்த கதையெல்லாம் சொல்லி முடிச்சிடுவாங்க, நடுவுல நிக்கற மேஸ்திரிக்கு ஒரு எழுத்து கேக்காது. பழகிப்போயி வெளிய வந்தும் வெளிய சொல்லக்கூடாத விஷயம்னா உதட்டாலதான் பேசுவாங்களாம். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு எங்க வீட்டு சமையக்கட்டு ஞாபகம் வந்துச்சு. அம்மா அப்பாகிட்ட ரகசியம் பேசறப்ப அப்படித்தான், வாய் அசையும், சத்தம் வராது, நானும் தங்கச்சியும் அதைப் பார்த்துப் பார்த்து படிக்கக் கத்துக்கிட்டோம்.

அதனால செங்கல்லைப் பார்த்து ஏமாந்ததுல தப்பு செங்கல்லு மேல இல்ல. மில் ஊருன்னா அது சத்தம். கட்டடம் வெறும் டப்பா. நம்ம ஊருலயும் சங்கு ஊதறதை வெச்சுத்தான் உலை வெச்சாங்க, பள்ளிக்கூடம் போனாங்க. 2020 மார்ச்சுல நிறுத்தின என்டிசி மில்லுங்க, அதான் மத்திய அரசு மில்லுங்க, அப்படியே கெடக்குது, அவிநாசி ரோட்டுல லட்சுமி மில்ஸ் வளாகத்துல கடை கண்ணி வந்துடுச்சு, ஆனா பஸ்ல கண்டக்டர் இன்னும் "லட்சுமி மில்லு, பங்கஜா மில்லு"ன்னுதான் கத்தறாரு. மிச்சம் இருக்கற சத்தம் அது ஒண்ணுதான்.

ஏப்ரல்ல போனா ஸ்டையல்ல இருக்கற குவாரி பேங்க் மில்லுக்குப் போங்க, மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்குப் பக்கம். 1784ல கட்டினது. பாலின் ஆத்துத் தண்ணியில சக்கரம் சுத்தி ஓடின மில்லு, வேலைக்கு அனாதைப் புள்ளைங்களைக் கொண்டுவந்து தங்க வெச்ச வீடும் அங்கயே இருக்கு. அங்க தறியை நிஜமாவே ஓட்டிக் காட்டுவாங்க. நான் போனப்ப ஓட்டினது ஒண்ணோ ரெண்டோதான், அதுக்கே நெஞ்சுக்கூடு அதிர்ந்துச்சு, பக்கத்துல இருந்த குழந்தைங்க காதைப் பொத்திக்கிச்சுங்க. நான் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு போனை தறி பக்கம் திருப்பினேன். அவருக்கு சத்தம் கேக்கப் போறதில்ல, சும்மா பாக்கட்டும்னுதான். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாரு. "பஞ்சே பறக்கலயேடா, என்ன சுத்தமா வெச்சிருக்கான்"னாரு. அப்புறம் திடீர்னு ரெண்டு விரலை வாயில வெச்சு விசிலடிச்சு கையை ஒரு மாதிரி வெட்டிக் காட்டினாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. போனை எட்டிப் பார்த்த, தறி ஓட்டிக் காட்டின கைடு, எழுபது வயசு இருக்கும், சட்டுனு தறியை நிறுத்திட்டு குனிஞ்சு பார்த்தாரு. ஓரத்துல ஒரு இழை அறுந்திருந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சிரிச்சுக்கிட்டாங்க, நடுவுல நான் எதுக்கு மொழிபெயர்க்கறதுன்னு பேசாம போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு.

ஊருக்குள்ள ஒரே ஒரு இடம் போங்க, ராயல் எக்ஸ்சேஞ்ச். பஞ்சு வியாபாரம் நடந்த அந்தப் பெரிய ஹாலுக்கு நடுவுல இப்ப ஒரு நாடக அரங்கம் தூண்ல தொங்குது. அதை விட்டுட்டு மேல அண்ணாந்து பாருங்க, 1968 டிசம்பர்ல வியாபாரம் முடிஞ்ச கடைசி நாள் விலைங்க இன்னும் போர்டுல அப்படியே நிக்குது. லிங்கன் சிலை, ஃபுட்பால் ஸ்டேடியம் எல்லாம் உங்க இஷ்டம்.

அதெல்லாம் ஏப்ரல்ல. இந்த ஞாயித்துக்கிழமை தாத்தா முன்னாடி போய் உக்காருங்க. ஜன்னல் வெளிச்சம் உங்க மூஞ்சியில விழணும், அவரு மூஞ்சியில இல்ல. கத்தாதீங்க, கத்தினா உதடு கோணிக்கும், அவருக்குப் புரியாது. எந்த டிப்பார்ட்மென்ட், எத்தனை சைடு பார்த்தீங்க, காதுல என்ன வெச்சுக்குவீங்கன்னு மெதுவா ஒண்ணொண்ணா கேளுங்க. அவருக்கு விசிலடிக்கத் தெரியுமான்னும் கேளுங்க, பதிலை எனக்கும் எழுதுங்க.

ஏப்ரலுக்கு குடை வேண்டாம், காத்துல திரும்பிக்கும். ரெயின்கோட் எடுத்துக்கங்க.