கொட்டைமரத் தோட்டத்தில் அயல்நாட்டுப் பூச்சி, நோய் நுழையாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: பாதாம், வால்நட் மரங்கள் வளர்க்கிறேன். புதிய ரக ஒட்டுக்கன்றுகள் வாங்கவும், அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கவும் இருக்கிறேன். அயல்நாட்டுப் பூச்சிகளும் நோய்களும் வராமலிருக்க முன்கூட்டியே என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: இன்னும் வராத பூச்சிக்கு மருந்து தெளித்தால் தோட்டத்திலுள்ள நன்மை செய்யும் பூச்சிகள்தாம் மடியும். நீங்கள் கவலைப்பட வேண்டியவை கன்றும் இயந்திரமும். அவற்றிலும் கன்றே பெரிய அபாயம்.

எடுத்துக்காட்டாக, செஸ்நட் என்னும் மற்றொரு கொட்டைமரத்தைத் தாக்கும், சீனாவைத் தாயகமாகக் கொண்ட மொட்டுக்குளவி 2002இல் இத்தாலியில் கண்டறியப்பட்டுப் பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது. கோடையில் மொட்டுக்குள் இடப்படும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, குளிர்காலம் முழுவதும் அதற்குள்ளேயே தங்கிவிடுவதால், மறு இளவேனிலில் தளிர் விரிவதற்குப் பதிலாகப் பச்சையும் சிவப்புமாக முடிச்சு திரளும் வரை, அந்த மொட்டுக்கும் நல்ல மொட்டுக்கும் வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரியாது. இத்தகைய குச்சியை வெட்டி ஒட்டுக்கட்டினால் பூச்சியையும் சேர்த்தே நட்டதாகிவிடும். எனவே சான்று பெற்ற நாற்றங்காலில் மட்டும் வாங்குங்கள். வாங்கியவற்றையும் ஒரு வளர்பருவம் முழுவதும் மற்ற மரங்களிலிருந்து தள்ளி வைத்துக் கவனியுங்கள். எந்தக் கன்று எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் நடப்பட்டது என்று எழுதிவையுங்கள். நண்பர் அன்பாகத் தரும் ஒட்டுக்குச்சியை மறுப்பது சங்கடந்தான், ஆயினும் மறுத்துவிடுங்கள்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, மண்ணையும் சருகையும் நீரால் முற்றிலும் கழுவிய பிறகே கிருமிநாசினி பயன்படுத்த வேண்டும். சேற்றின் மீது தெளித்தால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும். பட்டை உரிக்காத வால்நட் விறகையும் உள்ளே விடாதீர்கள். வால்நட் மரத்தைத் தாக்கும் ‘ஆயிரம் புற்று’ என்ற நோயின் பூஞ்சாணத்தைச் சுமக்கும் வண்டு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமே உள்ளது என்பதால், விறகுக் கட்டில் அது கண்ணில் படாது.

பாதாமில் சைலெல்லா என்னும் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவின் அறிகுறியை நீர்ப்பற்றாக்குறை என்றோ உப்பின் பாதிப்பு என்றோ எண்ணி ஏமாறுவது எளிது. கோடையில் இலையோரம் கருகி, கருகலுக்கும் பசுமைக்கும் இடையே மஞ்சள் பட்டை தென்பட்டால், அதிலும் நன்கு நீர் பாய்ந்த வரிசையில் ஓரிரு மரங்களில் மட்டும் தென்பட்டால், ஐயப்பட வேண்டும்.

அப்போது கிளையை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லாதீர்கள். வழியெங்கும் அதைப் பரப்ப நேரலாம். மரத்தை அடையாளமிட்டு, படமெடுத்து, பயிர்ப் பாதுகாப்புத் துறைக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். அவர்கள் வந்து மாதிரி எடுக்கும்வரை அந்த மரத்தை வெட்டவோ, அதற்கு மருந்து தெளிக்கவோ வேண்டாம்.