சொந்த ஞானப்பல்லே மாற்றுப் பல்லாக: கேள்வி பதில்

கேள்வி (உட்லண்ட்ஸ் தாய் ஒருவர்): டாக்டர், 18 வயது மகனுக்குக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்துவிட்டது. அவனுடைய ஞானப்பல்லையே அங்கே நடலாம் என்கிறார்கள். இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) மேலல்லவா?

பதில்: இந்த வயதில் நான் ஞானப்பல்லின் பக்கமே நிற்பேன், அம்மா. இம்பிளான்ட் எலும்போடு இறுகிவிடுவதால், தாடை இன்னும் வளருமானால் அக்கம்பக்கத்துப் பற்கள் எழும்ப, அது மட்டும் தாழ்ந்து நின்றுவிடும். சொந்தப் பல்லோ வேரைப் போர்த்திய மெல்லிய சவ்வோடு வருவதால் மற்றப் பற்களோடு சேர்ந்து நகரும். மெல்லும்போது அழுத்தத்தையும் உணரும். வேர் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை வளர்ந்து, நுனி திறந்திருந்தால் மிகவும் நல்லது; அந்தத் திறப்பின் வழியே இரத்த நாளங்கள் மீண்டும் உள்ளே புக வாய்ப்புண்டு.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): எனக்கு வயது 41. வேர் முற்றியிருக்குமே?

பதில்: தடையில்லை. நுனி மூடிவிட்ட வேருக்குள் இரத்த நாளங்கள் மீண்டும் புகாது என்பதால், பல் நட்ட ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வேர் சிகிச்சை (பல்லின் உட்திசுவை அகற்றி அடைப்பது) செய்துகொள்ள வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சையில் எது முக்கியம்?

பதில்: அந்தச் சவ்வைக் காப்பதுதான். சிடி ஸ்கேன் படத்தைக் கொண்டு ஞானப்பல்லின் அச்சு மாதிரியை முப்பரிமாண முறையில் முன்பே தயாரித்து, அதைக் குழியில் பொருத்திப் பார்த்து எலும்பைச் செதுக்கிய பிறகே உண்மையான பல்லை எடுக்கிறோம். பல்லின் தலைப்பகுதியை மட்டும் பிடிப்போம். இளஞ்சிவப்பாக ஈரம் மின்னும் வேரில் இடுக்கி படக்கூடாது, அது உலரவும் கூடாது. சில நிமிடங்களுக்குள் புதிய குழியில் இறக்கி, எதிர்ப்பல் இடிக்காதபடி சற்றுத் தாழ்வாக வைத்து, தையலாலோ வளையும் மெல்லிய கம்பியாலோ பிணைக்கிறோம். பல் சிறிது அசைந்தால்தான் சவ்வு நன்றாக ஆறும் என்பதால், இறுகக் கட்டுவதில்லை.

கேள்வி (ஈசூன் வாசகர்): மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டம்) உதவுமா?

பதில்: மருத்துவக் காரணத்திற்காகச் செய்யும் பல் அறுவை சிகிச்சைக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். மருந்தகமும் மருத்துவரும் மெடிசேவ் அங்கீகாரம் பெற்றவர்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: பின்னாளில் பல் கெட்டால் எப்படித் தெரியும்?

பதில்: பெரும்பாலும் வலி சொல்லாது, அதனால்தான் பரிசோதனைக்குத் தவறாமல் வரச் சொல்கிறேன். கருவியின் பிடியால் பல்லை மெல்லத் தட்டுவோம். நலமான பல் மந்தமாக ஒலிக்கும். எலும்போடு ஒட்டிவிட்ட பல் உலோகத்தைத் தட்டினாற்போலக் கணீரென்று ஒலிக்கும். வேர் கரைகிறதா என்பதை எக்ஸ்ரே படம் காட்டும். அப்படியே அந்தப் பல்லை இழக்க நேர்ந்தாலும், அதுவரை அது காத்துவைத்த எலும்பில் பின்னர் இம்பிளான்ட் வைக்கப் பெரும்பாலும் இடமிருக்கும்.