முதல் முகூர்த்தத்துக்குப் போகும் கேமரா உதவியாளருக்கு: வாசகர் கேள்வி பதில்

ஆடி கழிந்தது. இனி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மேளச் சத்தம்தான். கல்யாணப் படம் எடுப்பவருக்குத் துணையாகப் போவது பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வரும் ஞாயிறு முதல் தடவையாக ஒரு போட்டோகிராபருக்கு உதவியாளாகப் போகிறேன். என்னிடமும் ஒரு கேமரா இருக்கிறது. கொண்டு போகலாமா? என் வேலைதான் என்ன? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: அவர் கேட்டாலொழிய கேமராவை வீட்டிலேயே வையுங்கள், தம்பி. கழுத்தில் கேமரா தொங்கினால் கை அதற்குத்தான் போகும். விளக்கைப் பிடிக்க ஆள் இருக்காது.

வேலை முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. அவருடைய இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நிமிடத்துக்கு, முடிந்தால் ஒரே நொடிக்கு, சேர்த்து வையுங்கள். இதை மறந்தால் பிறகு கணினியில் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைவார். ஃப்ளாஷ் பென்சில் செல்லில் ஓடுவதாக இருந்தால் ஒன்றுக்கு நான்கு செல். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் மூன்று செட் சார்ஜ் செய்து, செட் செட்டாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். புதிய செல்லும் தீர்ந்த செல்லும் ஒன்றாகக் கலந்தால் ஃப்ளாஷ் மந்தமாகும், செல்லும் கெடும்.

மெமரி கார்டு கணக்கு இது: 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் (கேமரா பதியும் மூல வடிவம்) ஏறத்தாழ 30 எம்பி. 64 ஜிபி கார்டில் சுமார் 2000 படம் அடங்கும். கார்டு பெட்டியில் காலிக் கார்டு முகம் மேலே, நிரம்பியது முகம் கீழே. நிரம்பிய கார்டு பெட்டி உங்கள் சட்டையின் பொத்தான் போட்ட பைக்குள் இருக்கட்டும், கேமராப் பையில் வேண்டாம். பை திருட்டுப் போனாலும் கல்யாணம் மிஞ்சும். இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும் வரை எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யாதீர்கள், அவரே சொன்னாலும் ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள்.

மண்டபத்தில் உங்கள் இன்னொரு வேலை பார்ப்பது. வ்யூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்கு முன்னால் இருப்பது மட்டுமே தெரியும். ஓரத்தில் பெண்ணின் பாட்டி கண்ணைத் துடைப்பது உங்களுக்குத்தான் தெரியும். தோளைத் தொட்டு, “வலது பக்கம், பாட்டி” என்று மூன்றே சொல்லில் சொல்லுங்கள்.

கேள்வி: தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் எழுந்து ஃபோனைத் தூக்கிவிடுகிறார்கள். உதவியாள் எங்கே நிற்பது, என்ன செய்வது? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: தாலி எப்போது கட்டுவார்கள் என்று மணி பார்த்துத் தெரியாது. தாலித் தட்டு எப்போது கிளம்புகிறது என்று பாருங்கள். தேங்காய் மேல் தாலியை வைத்துப் பெரியவர்களின் ஆசிக்காகச் சபைக்குள் கொண்டு போவார்கள். அந்தத் தட்டு திரும்பி வரும் வரைதான் உங்களுக்கு அவகாசம். அதற்குள் ஃப்ளாஷின் செல்லை மாற்றுங்கள், பாதி மிஞ்சியிருந்தாலும் சரி. கார்டில் 200 படத்துக்காவது இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சோதனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளாஷை மோனோபாட் (ஒற்றைக் கால் தண்டு) நுனியில் மாட்டி, மணமேடைக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டு, தலைக்கு மேல் சாய்வாகப் பிடியுங்கள். ஹோமப் புகை இருக்கும்போது கேமராவின் பக்கத்திலிருந்தே வெளிச்சம் அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாகப் பதியும். மணமக்களின் பக்கவாட்டிலிருந்து வந்தால் முகம் தெரியும்.

ஃப்ளாஷுக்கும் மணமக்களுக்கும் உள்ள தூரம் மாறவே கூடாது. 2 மீட்டரில் நின்றவர் ஆர்வத்தில் 1.4 மீட்டருக்கு நகர்ந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பெண்ணின் நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் வெளுத்துவிடும். புதியவர்கள் செய்யும் பெரும்பாலான தவறு இதுதான். கையை நீட்டி அளவு வைத்துக்கொண்டு, கூட்டம் தள்ளினாலும் அதே அளவைக் காப்பாற்றுங்கள். ஃப்ளாஷின் சக்தி கால் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். முழுச் சக்தியில் அடித்தால் அடுத்த மின்னலுக்கு இரண்டு மூன்று நொடி காத்திருக்க வேண்டும், அதற்குள் முடிச்சு விழுந்துவிடும்.

மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவாரா, முதல் முடிச்சுக்குப் பிறகு நாத்தனார் போடுவாரா என்பதைக் காலையிலேயே வீட்டாரிடம் கேட்டுப் படமெடுப்பவரிடம் சொல்லுங்கள். பின்னாலிருந்து முடிச்சைப் படமெடுக்கலாமா என்று குருக்களிடம் கேட்பதும் உங்கள் வேலை. அவர் மந்திரம் சொல்லத் தொடங்கிய பிறகு கேட்டால் பதில் பார்வையில்தான் வரும்.

அட்சதை விழும்போது லென்ஸ் மாற்றக் கூடாது. மஞ்சள் அரிசியும் தூளும் கேமராவுக்குள் போய்விடும். லென்ஸ் மேல் விழுந்த தூளைத் துணியால் தேய்க்காதீர்கள், ரப்பர் ஊதியால் ஊதுங்கள்.

கேள்வி: பெண் வீட்டிலிருந்து ஏசி மண்டபத்துக்கு, அங்கிருந்து வெளியே தோட்டத்துக்கு. தோட்டத்தில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியது போல் இருந்தது. லென்ஸ் பழுதா? (டோங்காட் வாசகர்)

பதில்: பழுதில்லை, வேர்வைதான். பிப்ரவரியில் 28 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தக் கண்ணாடியிலும் காற்றின் ஈரம் படியும். ஏசி மண்டபத்தில் இருந்த லென்ஸ் அதைவிடக் குளிர்ந்திருக்கும். துடைத்தால் உடனே மறுபடி படியும். அப்போது லென்ஸைக் கழற்றினாலோ உள்ளே சென்சாரும் மங்கும்.

வெளியே எடுக்கப்போகும் இரண்டாவது கேமராவை, ஜிப் மூடிய பைக்குள்ளேயே, அரை மணி நேரம் முன்னதாக நிழலான தாழ்வாரத்தில் கொண்டு போய் வையுங்கள். பை மெல்லச் சூடேறும், கண்ணாடியும் கூடவே சூடேறும். காரில் போவதானால் கடைசிப் பதினைந்து நிமிடம் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவர்கள் முணுமுணுக்கலாம், பரவாயில்லை.

கேள்வி: மேடையில் எல்ஈடி விளக்கு. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. (வெருலம் வாசகர்)

பதில்: இந்நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி என்றால் துடிப்பு முழுசாக அடங்கும், 1/250 என்றால் பாதி வெட்டுப்பட்டுப் பட்டையாக விழும். 1/60, 1/125 வையுங்கள் என்று சொல்லும் அமெரிக்க வீடியோக்களை நம்ப வேண்டாம், அங்கே 60 ஹெர்ட்ஸ். மின்வெட்டு 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் மண்டபங்களில் ஜெனரேட்டர் ஓடும் நாள் உண்டு. சிறிய ஜெனரேட்டரில் ஹெர்ட்ஸ் நிலையாக இருக்காது, அன்றைக்கு ஃப்ளாஷையே நம்புங்கள்.

கேள்வி: எங்கள் மகளை உதவியாளாக அழைத்திருக்கிறார்கள். பெண் அலங்காரத்தின்போது கூட இருக்க வேண்டுமாம். என்ன கொடுத்து அனுப்புவது? (ஒரு தாய், மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

பதில்: அம்மா, கறுப்போ அடர்நீலமோ, அசைய வசதியான உடை, பளிச்சென்ற நிறம் புடவையில் பிரதிபலிக்கும். கழற்ற எளிதான செருப்பு, ஏனென்றால் கோயில் மண்டபத்தில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். காலுறை வேண்டாம், வழவழத் தரையில் வழுக்கும். சாப்பாட்டுப் பெட்டியில் அசைவம் வேண்டவே வேண்டாம். ஊக்கு பத்து, உரித்தால் பசை மிஞ்சாத டேப் ஒரு சுருள், ஒரு நல்ல கறுப்பு மை பேனா. திருமணப் பதிவேட்டில் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடும்போது, பேனா எழுதாமல் எல்லாரும் தேடுவது வழக்கமாக நடப்பது.

பையைப் பற்றி இன்னொன்று. வண்டியின் பின்பெட்டிக்குள் சாமான்களைப் புறப்படும் இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லார் கண்முன் வைக்கக் கூடாது. ரிமோட்டை அழுத்திய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். ரிமோட்டின் அலையைத் தடுத்துவிட்டுக் காரைத் திறந்து திருடுகிறவர்கள் இங்கே உண்டு.

கேள்வி: உம்ஹ்லாங்கா கடற்கரையில் மாலைப் படம். குடை விளக்கு, ட்ரோன் இரண்டும் உண்டாம். கவனிக்க என்ன? (வாசகர், டர்பன்)

பதில்: குடையைக் கரையில் விரிக்காதீர்கள். கடற்காற்றில் அது பாய்மரம். மணல் மூட்டை 5 கிலோ தொங்கவிட்டாலும் சாயும். வெறும் ஃப்ளாஷையோ சின்ன சாஃப்ட்பாக்ஸையோ (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கையில் பிடியுங்கள். சூரியன் டிசம்பரில் ஏழு மணி வாக்கில்தான் மறையும், ஜூனில் ஐந்து மணிக்கே போய்விடும். அது மறைவதும் கடல் பக்கமல்ல, நிலத்தின் பக்கம். கடலைப் பின்னணியாக வைத்தால் முகத்தில் நேர் வெயில், நிலத்தைப் பின்னணியாக வைத்தால் எதிர் வெயில். நண்பகலில் எடுப்பதானால் இங்கே சூரியன் ஆண்டு முழுக்க வடக்கே நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ட்ரோன் பற்றி: விமானப் போக்குவரத்து ஆணைய விதிப்படி, அனுமதி இல்லாமல் ஆட்களிடமிருந்து 50 மீட்டருக்குள்ளும் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் பறக்கவிடக் கூடாது. டோங்காட் பக்கம் கல்யாணம் என்றால் கிங் ஷாகா விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது.

கேள்வி: நான் ஃபோனில் எடுத்த படங்களை என் பக்கத்தில் போடலாமா?

பதில்: கேட்காமல் போடக் கூடாது. 1978-ஆம் ஆண்டு 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருடையது. எடுத்தவரே அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும்போது, உதவியாள் கேட்காமல் எப்படி? படமெடுப்பவரிடம் கேளுங்கள், அவர் வீட்டாரிடம் கேட்பார். மாலை ரிசப்ஷன் முடியும் வரை ஃபோன் பைக்குள்ளேயே இருந்தால் இந்தக் கேள்வியே வராது.