மச்சானின் வேனும் உங்கள் ஃப்ரீ பெட்டும்

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறேன். ஒரு வருஷமாக மேட்ச்டு பெட்டிங் செய்கிறேன்: பந்தய நிறுவனத்தின் சலுகையில் ஒன்று ஜெயிக்கும் என்று கட்டுவது (பேக்), அதுவே ஜெயிக்காது என்று எக்ஸ்சேஞ்சில், அதாவது ஆட்கள் ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டும் தளத்தில், எதிர்ப்பந்தயம் வைப்பது (லே). மே மாதம் பிரீமியர் லீக் முடிந்ததிலிருந்து எக்ஸ்சேஞ்சில் பணமே இல்லை. பேக் விலைக்கும் லே விலைக்கும் இடைவெளி கூடிவிட்டது. நிறுவனம் இலவசமாகக் கட்டத் தந்த 20 பவுண் ஃப்ரீ பெட் ஒன்று ஏழு நாளில் காலாவதியாகிறது. புதுச் சலுகைகளும் வருகின்றன. இப்போதே போடவா, பொறுக்கவா? இதற்கென வைத்திருந்த 600 பவுணை மனைவியின் அண்ணன் வேன் வாங்கக் கைமாற்றாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது ஓவர்டிராஃப்டில் ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு லே பாதிதான் பொருந்தியது, மீதியை அப்படியே விட்டேன், நல்லவேளை, பேக் ஜெயித்தது. இந்த மாத லாபம் 25 பவுண். ஆட்ஸ் தேடும் மென்பொருளுக்குச் சந்தா 20 பவுண்.

பதில்: ஃப்ரீ பெட்டைப் போட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். பேக் 5.0, லே 5.2 என்றால் எது ஜெயித்தாலும் கையில் 15 பவுண் நிற்கும். சந்தை மோசமாகி லே 6.0 ஆனாலும் 13 வரும். இரண்டு பவுணுக்காகக் காத்திருந்து மொத்தத்தையும் காலாவதியாக விடுவதா? ஜூனில் கால்பந்தைத் தேடி ஏதோ ஒரு நாட்டின் இரண்டாம் டிவிஷனுக்குப் போகவும் வேண்டாம். ராயல் அஸ்கொட் மாதிரி பெரிய குதிரைப் பந்தயத்தில், ஓட்டம் தொடங்கக் கடைசிப் பத்து நிமிஷத்தில் எக்ஸ்சேஞ்சில் பணம் குவியும், இடைவெளியும் சுருங்கும்.

புதுச் சலுகையைப் பெற முதலில் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டிய தகுதிப் பந்தயம் வேறு கதை. 20 பவுண் போட்டு, பேக் 2.0, லே 2.04 என்றால் நஷ்டம் 60 பென்ஸ். லே 2.3 என்றால் 2.80 பவுண். பதிலுக்குக் கிடைப்பது 5 பவுண் ஃப்ரீ பெட் என்றால் அதில் மிஞ்சுவதே மூன்று, மூன்றரைதான். அந்த மாதிரிச் சலுகையை, லீக் மீண்டும் தொடங்கும் ஆகஸ்ட் வரை திரும்பிப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரு வருஷம் செய்தவர் பாதி லேயை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறார் என்றால் சந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. விடப்பட்ட அந்தப் பாதிக்குச் சூதாட்டம் என்று பெயர், உங்களுக்கே தெரியும். கொஞ்சம் மட்டமான விலைக்காவது முடித்திருக்க வேண்டும். முடிக்கவிடாமல் அவசரப்படுத்தியது ஓவர்டிராஃப்ட். 2020-க்குப் பிறகு இங்கே பெரிய வங்கிகள் பலவற்றில் அதன் வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி. 600 பவுணுக்கு மாதம் சுமார் 17. லாபம் 25-இல் இதைக் கழியுங்கள், சந்தா 20-ஐயும் கழியுங்கள்: மாதம் முழுக்க உட்கார்ந்து 12 பவுண் நஷ்டம். மச்சானின் வேனுக்கு வட்டி கட்டுவது நீங்கள். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி அறிக்கையில் ஓவர்டிராஃப்டும் பந்தய நிறுவனப் பெயர்களும் அடுத்தடுத்து நிற்கும். அதிகாரியிடம் உட்கார்ந்து லே என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சந்தாவை இன்றே நிறுத்துங்கள். மாதம் இரண்டு பெட்டுக்கு ஃபோனில் உள்ள கால்குலேட்டர் போதும். இந்த ஃப்ரீ பெட்டுக்கு, லே தோற்றால் கட்ட வேண்டிய தொகையாக எக்ஸ்சேஞ்சில் 65 முதல் 70 பவுண் முடங்கும். அதைச் சம்பளத்திலிருந்து போடுங்கள். அதற்குமேல் பணம் கேட்கும் எந்தச் சலுகையும் ஓவர்டிராஃப்டை அடைத்து முடிக்கும்வரை வேண்டாம்.

அப்புறம், மச்சான். வேன் ஓடிச் சம்பாதிக்கிறது அல்லவா? முழுதாகக் கேட்டால் முகம் சுளிப்பார். மாதம் 100 வீதம் ஆறு மாதம், வங்கியில் ஸ்டாண்டிங் ஆர்டர் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். மாதம் 17 பவுண் எங்கே போகிறது என்று முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டு.