ரசீது வந்தது, பதில் வரவில்லை

கேள்வி: என் அக்கா மகன் ஏழு மாதமாக சவுதி சிறையில் இருக்கிறான். அடிக்கிறார்கள், மருந்து தருவதில்லை என்று போனில் அழுகிறான். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தாயிற்று, ரசீதுதான் மிச்சம். நம் அரசு தட்டிக் கேட்காதா?
— மேலூர் வாசகர்

பதில்: கேட்கும், நீங்கள் விடாமல் கேட்டால். மதுரை கலெக்டருக்கு ரியாத்தில் என்ன அதிகாரம்? மனு கைமாறி டெல்லி போகும். அப்புறம் 'தூதரகத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுத யாரும் சிறைப்பக்கம் போயிருக்க வேண்டியதில்லை.

தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி நேரில் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். 'கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். கேட்கலாம் என்பதே நம் பையன்களுக்குத் தெரிவதில்லை. அடுத்த போனில் இதை அவனிடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துக் கேட்கட்டும்.

நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். பாஸ்போர்ட் எண், இகாமா (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) எண், சிறையின் பெயர் போதும். 'கருணை கூர்ந்து' வேண்டாம். கேள்வியாகவே எழுதுங்கள்: அதிகாரி எந்தத் தேதியில் அவனைப் பார்த்தார்? டாக்டரிடம் காட்டச் சொன்னாரா? அடித்ததைப் பற்றி சவுதி அரசுக்கு எழுத்தில் புகார் போனதா? வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் தூதரகத்திலுள்ள இந்தியச் சமுதாய நல நிதியைக் கேளுங்கள். மிச்சத் தண்டனையை இங்கே கழிக்க 2003-ல் வந்த சட்டம் ஒன்று உண்டு. ஆனால் தீர்ப்பு இறுதியான பிறகுதான். அதுவும் வாங்கிய அடிக்குப் பதிலாகாது.

அரசால் முடியாதா என்ன! 2014-ல் இலங்கையில் தூக்குத் தண்டனை பெற்ற ராமேசுவரம் மீனவர்கள் ஐவரும் அடுத்த மாதமே ஊர் திரும்பினார்கள். அன்றைக்கு ஊரே தெருவுக்கு வந்தது, எல்லாக் கட்சியும் பேசியது. உங்கள் அக்கா மகனுக்காக யார் தெருவுக்கு வரப்போகிறார்கள்?

அமைச்சகம் மௌனம் சாதித்தால், கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில் மூன்று முறையும் தாண்டிப் போனீர்களே, ஒத்தக்கடை பக்கத்து உயர் நீதிமன்றக் கிளை, அங்கே ரிட் மனு போடலாம். சவுதி சிறைக் கதவை அது திறக்காது. 'இதுவரை என்ன செய்தீர்கள்?' என்று மத்திய அரசைக் கேட்கும். புகாரின் நகலும் பதிவு எண்ணும் இல்லாமல் மட்டும் வக்கீலிடம் போகாதீர்கள்.