மட்ரிக்ஸ் மிக்சரும் கூவலும்: கேள்வி பதில்

மொடியூலர் சின்தசைசரில் (தனித்தனி மொடியூல்களை வயரால் பூட்டிச் சத்தம் செய்யும் கருவி) மட்ரிக்ஸ் மிக்சரை வைத்து ஃபீட்பேக்கும் (வெளியே வந்த சத்தத்தைத் திரும்ப உள்ளே விடுவது) எஃபெக்டும் செய்வது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியின் எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பரந்தன்: அண்ணை, சாதாரண மிக்சருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் கலக்கிறதுதானே?

சாதாரண மிக்சரில் பல சத்தங்கள் உள்ளே போய் ஒன்றாகவோ இரண்டாகவோ வெளியே வரும். மட்ரிக்ஸில் நாலு உள்வழி, நாலு வெளிவழி. எந்த உள்வழியிலிருந்து எந்த வெளிவழிக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதற்குத் தனித்தனிக் குமிழ். மொத்தம் 16.

நான் எப்போதும் இப்படித்தான் பூட்டுவேன். முதல் உள்வழியில் மூலச் சத்தம், முதல் வெளிவழியில் ஸ்பீக்கர். இரண்டாவது வெளிவழியில் ஃபில்டர் (சத்தத்தின் ஒரு பகுதியை வடிகட்டுவது), அதன் வெளியீடு திரும்ப இரண்டாவது உள்வழிக்கு. அதே போல மூன்றில் டிலே (சத்தத்தைத் தாமதித்து எதிரொலியாக்குவது), நாலில் ரிவேர்ப் (மண்டபத்தின் முழக்கம் போல நீட்டுவது). எண்கள் பொருந்தி இருப்பதால் பாதி வேலை மனதில் நிற்கும். முதல் வரிசை, மூலத்தை எஃபெக்டுகளுக்கு அனுப்புவது. முதல் நிரல், எஃபெக்டுகளை ஸ்பீக்கருக்குக் கொண்டு வருவது. மூலைவிட்டத்தில் இருக்கும் 2-2, 3-3, 4-4 (முதல் எண் உள்வழி, அடுத்தது வெளிவழி) மூன்றும் ஒவ்வொரு எஃபெக்டும் தன்னைத் தானே தின்னும் குமிழ்கள். மிச்சம் ஆறு. டிலேயை ரிவேர்ப்புக்கு, ரிவேர்ப்பை ஃபில்டருக்கு என்று ஒன்றை மற்றதற்குள் விடுவது அந்த ஆறும்தான். வயரைக் கழற்றாமலே எஃபெக்டுகளின் ஒழுங்கை மாற்றலாம், ஒரே நேரத்தில் இரண்டு ஒழுங்கும் ஓடலாம். காசு கொடுத்து மட்ரிக்ஸ் வாங்குவது இந்த ஆறு குமிழுக்காகத்தான் என்பது என் கட்சி.

கிளிநொச்சி, சவுண்ட் சேவிஸ் நடத்துபவர்: திருவிழாவில் மைக் கூவினால் ஓடிப்போய் அடக்குவது என் தொழில். நீங்கள் வேண்டுமென்றே கூவ விடச் சொல்கிறீர்கள். ஸ்பீக்கர் போகாதா?

போகும் அண்ணை, கவனமில்லாவிட்டால் போகும். உங்கள் மைக்கில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்த சத்தம் முன்பு இருந்ததைவிடச் சிறிதாக வந்தால் மெல்ல அடங்கும். அதே அளவில் வந்தால் நின்று ஒலிக்கும். பெரிதாக வந்தால் வளர்ந்துகொண்டே போய், எங்காவது மின்சாரம் தரக்கூடிய எல்லையில் முட்டி நிற்கும். யூரோராக் என்ற அளவுமுறையில் வரும் மொடியூல்கள் ஓடுவது கூட்டல் கழித்தல் 12 வோல்ட்டில். ஆகவே கூவல் அதற்குச் சற்றுக் கீழே வந்து தலை தட்டும். மொடியூலரின் வழக்கமான சத்தமே உச்சிக்கு உச்சி 10 வோல்ட் அளவு. உங்கள் மிக்சர் எதிர்பார்க்கும் +4 லைன் லெவல் அதே உச்சிக்கு உச்சிக் கணக்கில் ஏறத்தாழ 3.5 வோல்ட். வீட்டு டெக்குக்கு 1 வோல்ட்கூட வராது. நேரே கொண்டுபோய்ச் செருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசி வெளியீட்டில் ஒரு லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிப்பது) கட்டாயம் வேண்டும். அது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் காவல். வட்டத்துக்குள்ளே இன்னொரு லிமிட்டரோ மெதுவாகக் கிளிப் ஆகும் (உச்சி வெட்டுப்படும்) ஏதாவதோ வைத்தால் அது வேறு வேலை செய்யும்: கூவலின் நிறத்தை மாற்றும். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மொடியூலர் ஒரு அடி அடித்துத்தான் எழும்பும். கரண்ட் போன உடனேயே அம்பிளிஃபையரின் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

முல்லைத்தீவு: அண்ணை, என்னிடம் லப்டொப் மட்டும்தான் இருக்கு. மொடியூலர் வாங்க வசதியில்லை.

வாங்க வேண்டாம் தங்கச்சி. வி.சி.வி. ராக் என்ற மொடியூலர் மென்பொருள் இலவசம். அதில் போகோடியோ தொகுப்பில் மட்ரிக்ஸ் மிக்சர்கள் இருக்கின்றன, அவையும் இலவசம். அங்கே ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் (கணினி சத்தத்தை அளக்கும் ஒரு துண்டு) தாமதம் சேர்க்கும். 48 கிலோஹேர்ட்ஸில் அது 0.02 மில்லிசெக்கன். டிலே வட்டத்தில் தெரியவே தெரியாது. ஃபில்டரை மட்டும் சுற்றி விட்டால், உண்மையான கருவியில் வரும் கூவலின் சுருதியும் இதுவும் கொஞ்சம் வேறாக இருக்கும்.

அப்புறம், பக்கத்தில் யாரிடமாவது பழைய மிக்சர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எஃபெக்டின் வெளியீட்டை ரிட்டர்னில் (எஃபெக்ட் திரும்ப வரும் வழி) போடாமல் ஒரு சனலில் போட்டு, அந்தச் சனலின் ஒக்ஸ் குமிழை (எஃபெக்டுக்கு அனுப்புவது) திறந்தால் அதுவே சின்ன மட்ரிக்ஸ்தான். ஜப்பானைச் சேர்ந்த இசைக்கலைஞர் தொஷிமாரு நகமுரா மிக்சரின் வெளியீட்டையே உள்ளே செருகி, வேறு எந்த மூலச் சத்தமும் இல்லாமல் வாசிப்பதையே தன் வழியாக வைத்திருக்கிறார்.

வவுனியா: டிலேயிலேயே ஃபீட்பேக் குமிழ் இருக்கிறதே. ஏன் வெளியே சுற்ற வேண்டும்?

உள்ளே இருக்கும் ஃபீட்பேக்குக்கு நடுவில் உங்களால் எதையும் நுழைக்க முடியாது. அதைப் பூச்சியத்தில் வைத்துவிட்டு, டிலேயிலிருந்து ஃபில்டருக்கு (3-2), ஃபில்டரிலிருந்து டிலேக்கு (2-3) என்று திறந்து பாருங்கள். லோ-பாஸ் (தாழ்ந்த சுருதிகளை மட்டும் விடும் ஃபில்டர்) என்றால் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் மங்கிக்கொண்டே போகும். ஹை-பாஸ் (உயர்ந்தவற்றை மட்டும் விடுவது) என்றால் மெலிந்துகொண்டே போகும். நான் ஹை-பாஸ் பக்கம். வட்டத்துக்குள் அடித்தொனி சேரத் தொடங்கினால் மூன்று நாலு சுற்றில் எல்லாம் களியாகிவிடும்.

டிலே நேரத்தைக் குறைத்தால் எதிரொலி சுருதியாக மாறும். 10 மில்லிசெக்கனில் 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் எழும்பும். அதே வட்டத்தில் சத்தத்தைத் தலைகீழாக்கி (கூட்டல் வோல்ட்டைக் கழித்தலாக்கி) விட்டால் 50, 150, 250 என்று ஒற்றை மடங்குகள் மட்டும் வரும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, உள்ளே வெறுமையாகக் கேட்கும். ஒரு குமிழை நடுவுக்கு அந்தப் பக்கம் திருப்பினதற்கு இது பெரிய மாற்றம்.

மல்லாவி: அப்படியென்றால் கழித்தல் பக்கமும் போகும் மட்ரிக்ஸ்தான் வாங்க வேண்டுமா?

ஓம். ஜேர்மன் கொம்பனி டோப்ஃபரின் ஏ-138எம் மட்ரிக்ஸில் அதற்குச் சுவிட்ச் உண்டு. ஜேர்மனியில் சொந்தக்காரர் இருந்தால் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம், சின்னச் சாமான்தான்.

கழித்தல் எதற்கு என்று காட்ட ஒரு பட்ச் (வயர் பூட்டும் ஒழுங்கு) சொல்கிறேன். நாலு டிலே, நேரங்கள் 31, 37, 41, 47 மில்லிசெக்கன். நாலின் வெளியீடும் உள்வழிகளில், வெளிவழிகள் திரும்ப நாலு டிலேக்கும். குமிழ் 16 உம் அளவில் பாதி. குறி மட்டும் மாறும்: முதல் வரிசை எல்லாம் கூட்டல். இரண்டாவது கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல். மூன்றாவது இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல். நாலாவது கூட்டல், கழித்தல், கழித்தல், கூட்டல். உயர்தரத்தில் தாயம் (மட்ரிக்ஸ் கணக்கு) படித்தவர்கள் இதைப் பெருக்கிப் பார்க்கலாம்: உள்ளே போன சக்தி கூடாமல் குறையாமல் வெளியே வரும். சரியாகப் பாதியில் வைத்தால் வால் அடங்கவே அடங்காது, கொஞ்சம் குறைத்தால் நீண்டு மறையும். உங்கள் கையில் இப்போது ஒரு ரிவேர்ப் இருக்கிறது. மண்டபத்தின் ஒலியைக் கணினியில் செய்ய 1982இல் ஸ்டாட்னர், பக்கெட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதிய வழி இந்தக் குடும்பம்தான். மட்ரிக்ஸ் முழுதும் நிரம்பிவிடுவதால் மூலச் சத்தத்தை ஏதாவது ஒரு டிலேக்கு முன்னால் இன்னொரு மிக்சரில் கலக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டலிலேயே வைத்துப் பாருங்கள், உடனே கூவும். அந்த ஆறு கழித்தலின் அருமை அப்போது தெரியும்.

ஒட்டுசுட்டான்: உடுக்கும், கோவலன் கூத்துப் பாட்டும் பதிந்து வைத்திருக்கிறேன். எதை விடலாம்?

உடுக்கை விடுங்கள். அடி குறுகியது, நடுவில் வெறுமை இருக்கிறது, வட்டம் தன் வேலையைக் காட்ட இடம் கிடைக்கும். 3-3ஐ மெல்லத் திறந்து, அடி விழும்போது ஃபீட்பேக் தாழ்ந்து, அடி நின்றதும் எழும்பும்படி ஒரு என்வலப் ஃபொலோவரையும் (சத்தத்தின் பலத்தை வோல்டேஜாக்குவது) வி.சி.ஏ.யையும் (அந்த வோல்டேஜால் சத்த அளவைக் கூட்டிக் குறைப்பது) வட்டத்துக்குள் வையுங்கள். அடி துலக்கமாகக் கேட்கும், இடைவெளியில் மட்டும் டிலே மூச்சு விடும். இடது கை கயிற்றை இறுக்கிச் சுருதி ஏற்றும் இடங்களில் வட்டமும் சேர்ந்து வேறொரு சுருதிக்குத் தாவும். அதைக் கேட்கவே செய்யலாம்.

கூத்துப் பாட்டில் சொல்தான் உயிர். இரண்டு சுற்றில் சொல் கரைந்துவிடும். அப்படியும் செய்வதென்றால் முதலில் அண்ணாவியாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நெடுங்கேணி: சத்தத்துக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு வோல்டேஜை (கையால் குமிழைத் திருப்புவது போல மொடியூலை அசைக்கும் வோல்டேஜ்) விடலாமா?

டி.சி. (அசையாமல் நிற்கும் வோல்டேஜ்) கடத்தும் மட்ரிக்ஸ் என்றால் விடலாம். இரண்டு எல்.எஃப்.ஓ. (மெதுவாக அலையும் வோல்டேஜைத் தரும் மொடியூல்) எடுத்து, ஒன்றின் வேகத்தை மற்றது மாற்றும்படி குறுக்கே பூட்டினால், திரும்பத் திரும்ப வராத அசைவு கிடைக்கும். சத்தத்தை விடும்போது இதே குணம் தொல்லை: சிறிய டி.சி. கசிவு சுற்றிச் சுற்றிப் பெருகி மட்ரிக்ஸை ஒரு ஓரத்தில் ஒட்ட வைத்துவிடும். மேலே சொன்ன ஹை-பாஸ் அதற்கும் மருந்து.

மாங்குளம்: நானே செய்யலாமா அண்ணை? சோல்டரிங் தெரியும்.

தாராளமாக. டி.எல்.074 (உள்ளே நாலு ஒப்-அம்ப், அதாவது நாலு சிறு பெருக்கிகள், உள்ள ஐ.சி.) மூன்று, 100 கே பொட் (குமிழின் கீழே இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) 16, 100 கே ரெசிஸ்டர் ஒரு கைப்பிடி. ஒரு ஐ.சி. உள்வழிகளுக்குப் பஃபர், ஒன்று அவற்றைத் தலைகீழாக்க, ஒன்று கூட்டிக் கலக்க. பொட்டின் ஒரு முனையில் நேர்ச் சத்தம், மறுமுனையில் தலைகீழ்ச் சத்தம், நடுக்காலிலிருந்து 100 கே வழியாகக் கூட்டும் ஒப்-அம்ப்புக்கு. கூட்டும் ஒப்-அம்ப் தானே ஒருமுறை தலைகீழாக்கும். ஆகவே பொட்டை வலப்பக்கம் திருப்பும்போது எட்டும் முனையில் தலைகீழ்ச் சத்தத்தைக் கொடுங்கள், கணக்குச் சரியாகிவிடும். நடுவில் பூச்சியம். ஒவ்வொரு ஐ.சி.யின் காலருகிலும் 0.1 மைக்ரோ கப்பாசிட்டர் மறக்க வேண்டாம்.

கிளிநொச்சி: நல்ல பட்ச் ஒன்று அமைந்தால் எப்படித் திரும்ப எடுப்பது?

ஃபோனில் குமிழ்களைப் படம் எடுக்கலாம் தம்பி, ஆனால் ஃபீட்பேக்கில் அது பாதிதான் உதவும். குமிழ் மயிரளவு நகர்ந்தாலே வட்டம் வேறு சுருதியில் போய் நிற்கும், சூடேறின பிறகு கருவியின் போக்கும் மாறும். ரெக்கோர்டரை ஓட விட்டுவிட்டுத்தான் முதல் குமிழைத் தொட வேண்டும்.